பென்சனுக்குப் பிறகு மனம் நிலைகொள்ள: வன்னியில் ஓய்வுபெறுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சி மாவட்டத்தில் 34 வருடம் கற்பித்துவிட்டு ஓய்வுபெற்றவன் நான். கடந்த சில வருடங்களாக எங்கள் கிராமத்து முதியோர் சங்கத்தில், புதிதாகப் பென்சன் எடுத்து வருபவர்களோடு கூட இருந்து வேலை செய்கிறேன். அவர்கள் தடுமாறுகிற இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். எதை முதலில் செய்வது என்ற ஒழுங்குதான் குழம்புகிறது. வீடு பெருப்பிப்பதையும் வயல் குத்தகைக்கு எடுப்பதையும் சங்கப் பதவி ஏற்பதையும் முதல் மாதமே தொடங்கிவிடுகிறார்கள். காது, கண், நித்திரை, மனதில் கிடக்கிற துக்கம் எல்லாம் கடைசிக்குப் போய்விடுகின்றன.

எங்கள் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. 2009 போர் முடிவில் எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களில் இருந்து திரும்பி வந்த கையோடு நாங்கள் வேலைக்குள் ஓடினோம். கூரை இல்லாத வகுப்பறையில் பாடம் எடுத்தோம், தகரக் கொட்டிலில் அலுவலகம் நடத்தினோம். அழுவதற்கு நேரம் இருக்கவில்லை. வேலை நின்றதும் அந்த அழுகை வரும். அதற்கு இடம் வைத்துத்தான் கீழே உள்ள படிகளை அடுக்கியிருக்கிறேன்.

தொடங்க முன் தேவையானவை

ஒரு 80 பக்கக் கொப்பி, ஒரு கோப்பு, சுவரில் பெரிய எழுத்து நாட்காட்டி. இவற்றோடு, நீங்கள் பொய் சொல்ல முடியாத ஒரு ஆள். மனைவியோ கணவனோ, கூடப் படித்தவரோ, பக்கத்து வளவுக்காரரோ யாராகவும் இருக்கலாம். "நான் மாறிப்போனால் எனக்குச் சொல்லு" என்று அவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். மனம் சோர்ந்துவரும்போது அதை அனுபவிப்பவருக்குக் கடைசியில்தான் தெரியும், பக்கத்தில் இருப்பவருக்கு முதலில் தெரியும்.

1. ஒரு வருடத்துக்கு முன்: கடதாசிகள்

மனநலம் பற்றிப் பேச வந்து கடதாசியில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஓய்வுபெற்றவரின் முதல் நித்திரையைக் கெடுப்பது பெரும்பாலும் "பென்சன் இன்னும் வரவில்லை" என்ற யோசனைதான். அந்த யோசனை ஆறு மாதம் நீண்டால் வேறு எல்லாவற்றையும் தனக்குள் இழுத்துவிடும்.

முதல் நியமனக் கடிதம், பதவி நிரந்தரக் கடிதம், சம்பள உயர்வு விபரங்கள், பிறப்பு மற்றும் விவாகச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கம், வங்கிப் புத்தகம். இவற்றில் பெயர் எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தகப்பன் பெயரில் ஒரு 'ப்' குறைந்திருந்தாலும் கோப்பு திரும்பி வரும்.

எங்களில் பலருக்கு மூலப் பிரதி இல்லை. இடம்பெயர்ந்தபோது பதுங்குகுழியிலோ தறப்பாளுக்குக் கீழோ போய்விட்டது. பிறப்பு, விவாகப் பதிவுகளின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து எடுக்கலாம். நியமனக் கடிதத்துக்கு ஒரு வழி சொல்கிறேன்: உங்களோடு அதே நாளில் நியமனம் பெற்றவர்களைத் தேடிப் பிடியுங்கள். என்னோடு வேலை செய்த ஒருவருக்கு, அதே பட்டியலில் நியமனம் பெற்று வவுனியாவில் இருந்த நண்பர் வைத்திருந்த போட்டோப் பிரதிதான் கைகொடுத்தது.

இதையெல்லாம் ஒரு வருடம் முன்பே செய்வது நல்லது. 2022இல் அரச ஊழியரின் ஓய்வு வயது 65 என்று ஆக்கப்பட்டு, அந்த வருட முடிவோடு மறுபடி 60க்கு வந்தது. இன்னும் சில வருடம் இருக்கிறது என்று நினைத்திருந்தவர்கள் டிசம்பர் 31ஆம் திகதி வீட்டுக்குப் போனார்கள். ஆயத்தமில்லாமல் போனவர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன்.

தனியார் வேலை செய்தவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். கமம் செய்பவருக்கோ கடலுக்குப் போகிறவருக்கோ ஓய்வுபெறும் திகதி என்று ஒன்று இல்லை. முழங்கால் விட்டுப்போய், மகன் உழவு மெசினில் ஏறுகிற நாள்தான் அந்த நாள். விருந்துபசாரமும் இல்லை, பொன்னாடையும் இல்லை. அதனால் வீட்டில் ஒருவரும் அதைக் கவனிப்பதில்லை. மூன்றாம் படியில் இருந்து எல்லாமே அவர்களுக்கும் பொருந்தும். 60 தாண்டியவர்கள் எவரும் கிராம அலுவலர் ஊடாக முதியோர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

2. மூன்று மாதத்துக்கு முன்: உடம்பு

பிறசர், சீனி, இரத்தச்சோகை, தைரொயிட் பார்க்கச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள். தைரொயிட் சுரப்பி மந்தமானாலும் இரத்தம் குறைந்தாலும் உடம்பு சோரும், மனம் எதிலும் பிடிக்காது, மறதி வரும். அதை "வயது போட்டுது" என்று விட்டுவிட்டால் குளுசையால் மாறக்கூடிய ஒன்றை வருடக்கணக்காகச் சுமப்பீர்கள்.

கண்புரை இருந்தால் வெட்டுவதற்குப் பதிந்துவிடுங்கள். காதைக் கட்டாயம் பாருங்கள். செல் குண்டுச் சத்தத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்த காதுகள் எங்களுடையவை.

எங்கள் சங்கத்தில் ஒரு ஐயா இருந்தார். கூட்டத்தில் எல்லோரும் சிரித்து, ஒரு கணம் கழித்துத்தான் அவர் சிரிப்பார். மற்றவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார் என்று எனக்குப் பிடிபட நாலு கூட்டம் சென்றது. பிறகு கூட்டத்துக்கு வருவதையே நிறுத்தினார். வீட்டில் அவரை மறதிக்காரர், கோபக்காரர் என்றார்கள். காது சோதித்து, காதுக்கருவி போட்டபின் மனிதர் கதைக்கத் தொடங்கினார். அவருக்கு மறதியே இல்லை. கேட்காத மனிதர் முதலில் கதையைக் குறைப்பார், அப்புறம் ஆட்களைக் குறைப்பார்.

3. முதல் மூன்று மாதம்: பெரிய முடிவு எதுவும் வேண்டாம்

பணிக்கொடைக் காசு வந்ததும் அதை நிலையான வைப்பில் மூன்று மாதத்துக்குப் போடுங்கள். வட்டி எவ்வளவு என்பதை விட, "வைப்பில் போட்டாச்சு, இப்ப எடுக்கேலாது" என்று சொல்ல ஒரு வசனம் கிடைப்பது முக்கியம். கடன் கேட்டு வருகிற சொந்தக்காரரிடம் முகத்தை முறிக்காமல் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

இந்த மூன்று மாதத்தில் பிணை நிற்க வேண்டாம். காணி எழுதிக்கொடுக்க வேண்டாம். வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்று வருகிற ஆளிடம் கடவுச்சீட்டின் பிரதியைக்கூடக் கொடுக்க வேண்டாம். வேலையை விட்ட புதிதில் "நான் இன்னும் பிரயோசனமானவன்" என்று காட்ட மனம் துடிக்கும். அந்தத் துடிப்பில் எடுத்த முடிவுகளால் வந்த யோசனைகளைத்தான் பிறகு நாங்கள் உட்கார்ந்து கேட்கிறோம்.

4. முதல் திங்கட்கிழமையில் இருந்து: காலையைப் பிடியுங்கள்

ஓய்வின் முதல் திங்கட்கிழமை நான் ஏழு மணிக்கு வெளிக்கிட்டுவிட்டேன். மனைவி வழக்கம்போலப் போத்தலில் தேத்தண்ணி ஊற்றி மேசையில் வைத்திருந்தாள். போத்தலை எடுத்துச் சைக்கிளில் கொழுவி, படலை வரைக்கும் உருட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு போய்க்கொண்டிருந்தார்கள். "குட்மோர்னிங் சேர்" என்றார்கள். அவர்கள் எல்லோரும் போய் முடியும்வரை நின்றேன். பாடசாலை மணி அடித்தது, எங்கள் வளவுக்கு நன்றாகக் கேட்கும். திரும்பி வந்து விறாந்தையில் அந்தத் தேத்தண்ணியைக் குடித்தேன். பத்து மணிக்குள் போத்தல் முடிந்துவிட்டது. பின்னேரம் வரை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அன்றிரவு கொப்பியில் எழுதியதைத்தான் இன்றும் எல்லோருக்கும் சொல்கிறேன். நாள் முழுவதுக்கும் நேரசூசி போடாதீர்கள், அது ஒரு கிழமையில் உடையும். காலை ஐந்தரையில் இருந்து ஒன்பது வரை மட்டும் ஒழுங்குபடுத்துங்கள். எழும்புகிற நேரத்தை மாற்ற வேண்டாம். முகம் கழுவி, உடுப்பு மாற்றி, வீட்டுக்கு வெளியே ஒரு இடத்துக்குப் போய் வாருங்கள். கோயிலோ குளக்கட்டோ பேப்பர் பார்க்கச் சனசமூக நிலையமோ, ஏதாவது ஒன்று. காலை நிலைத்தால் மத்தியானம் தானாக வரும். காலை சரிந்தால் சாய்மனைக் கதிரையில் பத்து மணிக்குக் கண் சொருகும், இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வரும், அந்த முழிப்பில்தான் பழையதெல்லாம் வரிசையாக வரும்.

பகல் நித்திரை அரை மணித்தியாலம் போதும், மூன்று மணிக்குப் பிறகு வேண்டாம். நடையைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் வயதானவர்களுக்கும் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி சொல்கிறது. ஐந்து நாள், அரை மணித்தியாலம். எங்கள் ஊர் வெயிலுக்கு அதைக் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். விழுந்துவிடுவேன் என்ற பயம் இருந்தால் தனியே போகாமல் ஆளோடு போங்கள்.

5. இரண்டாம் மாதம்: உங்களை எதிர்பார்க்கிற சின்ன வேலை

ஐந்து கோழி, பத்துப் பாத்தி, ஒரு பசு. இதற்கு மேல் முதல் வருடம் வேண்டாம். நீங்கள் எழும்பாவிட்டால் வாடுகிற அல்லது கத்துகிற ஏதோ ஒன்று இருக்க வேண்டும், பிழைத்துப்போனால் நட்டம் சின்னதாக இருக்க வேண்டும். இந்த இரண்டும்தான் கணக்கு.

பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். பணிக்கொடைக் காசில் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் காலபோகம் விதைக்கிறார்கள். மழை பிந்தினாலோ, மார்கழி வெள்ளம் நின்றாலோ, கதிர் முற்றுகிற நேரம் யானை இறங்கினாலோ காசும் போய், "இதைக்கூட என்னால் செய்ய முடியவில்லை" என்ற எண்ணமும் மிஞ்சும். கமம் தெரிந்தவருக்கே கையைக் கடிக்கிற வேலை, மேசையில் இருந்து எழும்பி வந்தவருக்கு எப்படி உதவும்?

மாரி முடிந்து தை, மாசியில் கத்தரி, வெண்டி, பயிற்றை போடுங்கள். கிணற்றில் தண்ணி மேலே இருக்கும், இறைப்பு இலகு. குரங்குத் தொல்லை உள்ள இடமென்றால் மிளகாயும் கருணையும் நல்லது. காய்ப்பதில் ஒரு பங்கைக் கட்டாயம் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். பயிற்றங்காயோடு படலைக்கு வருகிற மனிதருக்கு ஒரு தேத்தண்ணியும் பத்து நிமிடக் கதையும் உண்டு.

6. வீட்டுக்குள்

இதைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன், ஆனால் நான் பார்த்த சண்டைகளில் அரைவாசி இங்கேதான். வேலையில் இருந்து வந்த ஆண்கள் குசினியைப் பரிசோதிக்கத் தொடங்குகிறார்கள். "ஏன் இவ்வளவு எண்ணெய், ஏன் லைட் எரியுது" என்று. அந்த வீட்டை முப்பது வருடம் ஓட்டியவருக்கு ஓய்வு நாள் என்று ஒன்று வரவில்லை. ஒரு முழு வேலையை நீங்கள் பொறுப்பெடுங்கள். தேங்காய் துருவுவதோ, விறகோ, தண்ணியோ, சந்தையோ, எதுவானாலும் தினமும் செய்யுங்கள். மற்றதில் தலையிட வேண்டாம்.

ஓய்வுபெற்ற ரீச்சர்மாருக்கு ஆபத்து வேறு. வேலை முடிந்த அடுத்த நாளே பேரப்பிள்ளைகள் முழுநேரமாகக் கைக்கு வந்துவிடுவார்கள். "கிழமையில் மூன்று நாள் பார்க்கிறேன், மற்ற நாள் எனக்கு வேணும்" என்று தொடக்கத்திலேயே மகளிடமோ மருமகளிடமோ சொல்லிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் அது மனஸ்தாபம் ஆகும்.

7. ஆறு மாதத்துக்குப் பிறகு: ஒரு சங்கம், ஒரு பதவி

படித்தவர் ஓய்வுபெற்றார் என்றால் ஊர் விடாது. ஆலய பரிபாலன சபை, கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, மரண உதவிச் சங்கம் எல்லாம் படலைக்கு வரும். ஆறு மாதம் உறுப்பினராக மட்டும் இருங்கள். பிறகு ஒன்றை எடுங்கள். பொருளாளர் பதவி முதல் வருடம் வேண்டாம். காசுக் கணக்கில் ஒரு கதை எழும்பினால், நாற்பது வருடப் பெயர் ஒரு பின்னேரத்தில் போனதுபோல இருக்கும். அந்தக் காயத்தோடு வீட்டுக்குள் முடங்கியவர்களை எனக்குத் தெரியும்.

பதவியைவிட, கிழமையில் இரண்டு நாள் ஒரே நேரத்தில் ஒரே ஆட்களைச் சந்திப்பதுதான் மனதுக்கு உதவும். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வருகிற மூன்று நண்பர்கள் எங்களில் இருக்கிறார்கள். ஒருவர் வராவிட்டால் மற்ற இருவரும் அவர் வீட்டுக்குப் போவார்கள். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

8. வெளிநாட்டுப் பிள்ளைகளின் போன்

போனுக்குக் காத்திருப்பது ஒரு முழுநேர வேலையாக மாறிவிடும். வட்ஸ்அப்பில் "கடைசியாகப் பார்த்த நேரம்" பார்த்துப் பார்த்து, "லைனில் இருந்தும் எடுக்கவில்லை" என்று மனம் நொந்தவர்கள் நிறையப் பேர்.

போன் பேசுகிற நாளையும் நேரத்தையும் முடிவுசெய்யுங்கள். டொரொண்டோவுக்கும் எங்களுக்கும் கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை மணித்தியால வித்தியாசம். அங்கே சனி இரவு எட்டரை என்றால் இங்கே ஞாயிறு காலை ஆறு அல்லது ஏழு மணி. லண்டன் என்றால் நாலரை, ஐந்தரை. நாட்காட்டியில் அந்த நாளை வட்டமிடுங்கள். மற்ற நாளில் எடுத்தால் மேலதிகம், எடுக்காவிட்டால் குறையில்லை. பேச்சு மருந்து, காசு என்று மட்டும் போகாமல் இருக்க, அன்று தோட்டத்தில் பூத்ததைக் காட்டுங்கள், பேரப்பிள்ளைக்கு ஒரு விடுகதை போடுங்கள்.

9. பழைய துக்கம் வரும்போது

இது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் மூன்றாம் மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் வருகிறது. வேலை இல்லாத ஒரு மத்தியானம், ஒரு கடலை எண்ணெய் வாசம், வானத்தில் ஒரு சத்தம் போதும். வருகிறபோது பயப்பட வேண்டாம். உங்களுக்கு மூளை பிசகவில்லை. தள்ளிப்போட்டது தவணைக்கு வந்திருக்கிறது.

முதலில் அதற்கு ஒரு இடமும் நேரமும் கொடுங்கள். படத்துக்கு முன்னால் பின்னேரம் விளக்கேற்றி, கால் மணித்தியாலம் இருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். நேரம் முடிந்ததும் எழும்பிக் கோழியைக் கூட்டில் அடையுங்கள். நேரம் குறித்த துக்கம் இரவு இரண்டு மணிக்கு வந்து எழுப்புவது மெல்லக் குறையும்.

அடுத்தது, அவர்களைப் பற்றிப் பேசுங்கள். இறந்த விதத்தைப் பேச முடியாவிட்டால் வாழ்ந்த விதத்தைப் பேசுங்கள். என்ன சாப்பாடு பிடிக்கும், எப்படிச் சைக்கிள் ஓடுவார், பரீட்சையில் எத்தனை புள்ளி. எங்கள் சங்கத்தில் ஒரு அம்மா மகனின் கையெழுத்துள்ள ஆறாம் வகுப்புக் கணிதக் கொப்பியைக் கொண்டுவந்தார். நாங்கள் கேள்வி எதுவும் கேட்கவில்லை, கொப்பியைக் கையில் வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். ஒரு பின்னேரம் முழுக்க அதுவே நடந்தது.

கூட இருப்பவர்கள் செய்கிற பெரிய பிழை, காணாமல் ஆக்கப்பட்டவரின் தாயிடமோ மனைவியிடமோ "இனி வரமாட்டார், மனதைத் தேற்று" என்று சொல்வது. பொட்டு வைப்பதா, திவசம் செய்வதா என்ற முடிவு அவர்களுடையது. "தேடுகிறீர்கள், நாங்களும் கூட இருக்கிறோம்" என்பது போதும். எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு: "எல்லாத்தையும் சொல்லு, சொன்னால்தான் மாறும்" என்று தோண்டுவது. சொல்ல விரும்பாத மனிதரை அவர் போக்கில் விடுங்கள், பக்கத்தில் இருங்கள்.

வைகாசி மாதத்தைக் கொப்பியில் முன்கூட்டியே குறித்து வையுங்கள். போர் முடிந்த நாட்கள் வருகிற மே நடுப்பகுதியில் தனியே இருக்க வேண்டாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலும் அந்தக் காலத்தை ஒட்டித்தான் வரும். கால் இயலுமானவர்கள் ஆளோடு போய் வாருங்கள். இயலாதவர்கள் வீட்டில் ஒருவரைக் கூட்டி வைத்திருங்கள்.

சாராயத்தால் இதை அமர்த்தப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் இரவு நித்திரை வரும். பிறகு அது இல்லாமல் நித்திரையே வராது, பகலில் மனம் இன்னும் கீழே இறங்கும்.

10. எப்போது வைத்தியசாலைக்குப் போவது

இரண்டு கிழமைக்கு மேல் நாள் முழுக்க மனம் இருண்டு கிடந்தால், முன்பு பிடித்ததில் ஒன்றிலும் விருப்பம் இல்லாவிட்டால், சாப்பாடும் நித்திரையும் குழம்பினால் போக வேண்டும். எங்கள் ஆட்கள் "மனச்சோர்வு" என்று சொல்ல மாட்டார்கள். "நெஞ்சு பாரம்", "உடம்பெல்லாம் உளைவு", "ஒரே யோசினை" என்பார்கள். பனடோல் போட்டும் மாறாத உளைவு என்றால் இதையும் நினையுங்கள். திடீரென்று மறதி கூடினாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். மனச்சோர்வாலும் மறதி வரும், அது மருந்தால் மாறக்கூடியது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சிகிச்சைக்குக் காசு எடுப்பதில்லை. "விசர் டொக்டரிட்டப் போறியோ" என்று யாரும் கேட்பார்கள் என்ற பயத்தில் பலர் வருடங்களை இழக்கிறார்கள். முதல் நாள் நான் கூடப் போவேன். "நித்திரைக்குக் காட்டப் போறம்" என்று சொன்னால் போதும், அது உண்மையும்தான். கிளினிக் கொப்பியும் குடிக்கிற குளுசைகளும் கொண்டு போங்கள். மருந்து வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு கிழமை செல்லலாம். ஐந்தாம் நாள் "ஒன்றும் நடக்கவில்லை" என்று எறிந்துவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கிற பிழை. சுகமானதும் தாங்களாக நிறுத்துவது அடுத்தது.

"நான் இருந்து என்ன பிரயோசனம்", "உங்களுக்குப் பாரம்" என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால், பொருட்களைப் பங்கிட்டுக் கொடுக்கத் தொடங்கினால், நேராகக் கேளுங்கள்: "சாக வேணும்போல இருக்கோ?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பெரும்பாலும் கேட்டதே ஆறுதலாக இருக்கும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் 24 மணித்தியாலமும் இருக்கிறது. அவசரம் என்றால் 1990 இலவச அம்புலன்ஸ்.

கமம் செய்கிற வீடு என்றால், ஒருவருக்கும் ஒன்றும் இல்லாத இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். பயிருக்கு அடிக்கிற பூச்சிமருந்துப் போத்தல்களைக் கட்டிலுக்குக் கீழும் குசினிப் பறணிலும் வைக்காமல், வீட்டுக்கு வெளியே பெட்டியில் பூட்டி, திறப்பை இளையவர் ஒருவரிடம் கொடுங்கள். மனம் இருண்ட நேரம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் கடந்துபோகும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பது உயிரைக் காக்கும்.

கிளினிக் திகதியை நாட்காட்டியில் சிவப்பால் வட்டமிட்டு, அதற்குக் கீழே கூடப் போகிறவரின் பெயரையும் எழுதிவிடுங்கள். பெயர் எழுதப்படாத திகதிகள்தான் எங்கள் சங்கத்தில் அதிகம் தவறிப்போயிருக்கின்றன.